கிணற்றுப் படியில் அளந்த மழை

பெருமாநல்லூருக்கு மேற்கே நாலு ஏக்கர் தோட்டம் வைத்திருந்த ஆத்தப்பனிடம் மழையைப் பற்றி வாயைக் கொடுத்தால் தொலைந்தீர்கள், பொழுது சாயும்வரை விடமாட்டார். மழை செத்துப் பதினைந்து வருசமாயிற்று என்பது அவர் கட்சி. அத்தாட்சி கேட்டால் கிணற்றடிக்கு இழுத்துப் போவார். அந்தப் பக்கத்து விவசாயி எவனும் மழையை மில்லிமீட்டரில் அளந்தவனில்லை. ஐப்பசி அடைமழை விட்டதும் கிணற்றை எட்டிப் பார்ப்பான். எந்தப் படி வரைக்கும் தண்ணீர் ஏறியிருக்கிறதோ அதுதான் அந்த வருசத்து மழை. ஆத்தப்பனின் கிணற்றிலோ பாதிப் படிக்குக்கூட ஏறுவதில்லை.

சுற்றிலும் இருந்தவர்கள் நிலத்தை விற்று, பனியன் கம்பெனிக்கு ஷெட் போட்டு, காரும் வாங்கிவிட்டார்கள். இவர் மட்டும் அசையவில்லை. மழை திரும்பும், கிணறு நிறையும், தோட்டம் பிழைக்கும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மனைவி முத்தாத்தாளின் தம்பி சசிகுமார், அந்த இடத்தில் தையல் யூனிட் கட்டுகிறேன் என்று வருசம் தவறாமல் கேட்டு வருவான். காபியைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போவான். தென்னைகள் ஒவ்வொன்றாய்க் காய்ந்தன. போர்வெல் போட்டுப் பார்த்தார், புழுதிதான் பறந்தது. முத்தாத்தாள் பனியன் கம்பெனிக்குப் பிசிறு நூல் வெட்டும் வேலைக்குப் போனாள். நாலு ஏக்கர் தோட்டக்காரன் பெண்டாட்டிக்கு வந்த கதியைப் பார் என்று ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா ஊர்?

மகள் நித்யஸ்ரீ கோயம்புத்தூரில் புள்ளியியல் படித்தாள். 2006-இல், கடைசி வருச ஆய்வுக்குச் சொந்த வட்டாரத்துப் பருவமழையையே எடுத்துக்கொண்டாள். தாத்தன் காலத்திலிருந்து எந்தப் பருவத்தில் எவ்வளவு பெய்தது, ஏறுமுகமா இறங்குமுகமா என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆத்தப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் கட்சியை மகள் கம்ப்யூட்டரில் போட்டு நிரூபிக்கப் போகிறாள் என்று டீக்கடையில் ஒருவரையும் விடாமல் சொன்னார். மழை எப்போது திரும்பும் என்பதையும் அவள் சொல்லிவிடுவாள் என்றே நம்பினார், பாவம்.

புரட்டாசியில் அவள் ஊருக்கு வந்தாள். சாப்பிடும்போது கேட்டார், அப்புறம் பார்க்கலாமுங்க என்றாள். சாயங்காலம் கிணற்றடியில் பிடித்துக்கொண்டார்.

"மழை கொறையலீங்கப்பா."

அவர் சிரித்தார். தாலுகா ஆபீசில் மழைமானியை எந்த மரத்தடியில் வைத்தார்களோ என்றார். அவள் சுற்றுவட்டத்து மூன்று ஊர் மழைமானிகளின் கணக்கையும் எடுத்துச் சொன்னாள். தென்மேற்கு, வடகிழக்கு, கோடை மழை என்று தனித்தனியாகப் போட்டுப் பார்த்திருந்தாள். நாலு வருசத்துக்கு முன் வந்ததைப் போன்ற வறட்சி அந்தக் காலத்திலும் வந்திருக்கிறது, பின்னால் தேறியிருக்கிறது. கூட்டிக் கழித்தால் அன்றைக்குப் பெய்த அளவுதான் இன்றைக்கும்.

"அப்படீன்னா தண்ணி எங்க கண்ணு போச்சு?"

அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பெற்ற தகப்பனிடம் எப்படிச் சொல்வாள்? சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர் ஏற்ற லாரிகள் ஊருக்குள் வந்தபோது, முதலில் கிணற்றைத் திறந்துவிட்டவர்களில் ஆத்தப்பனும் ஒருவர். ராப்பகலாக மோட்டார் ஓடியது. அந்தத் தண்ணீர் விற்ற காசில்தான் நித்யஸ்ரீ கான்வென்ட்டுக்குப் போனாள். இறைத்தது அடுத்த மழைக்கு ஊறிவிடும் என்றுதான் எல்லாரும் இறைத்தார்கள். ஊறவில்லை. படி காய்ந்தது, மழை பொய்த்துவிட்டது என்றார்கள். லாரி நின்றபிறகு அக்கம்பக்கத்துக் கம்பெனிகளின் ஆயிரம் அடி போர்கள் மிச்சத்தை உறிஞ்சின. எந்தப் பாவமும் அறியாத வானத்தை இந்த மனிதர் பதினைந்து வருசம் என்னென்ன பேச்சுப் பேசியிருப்பார்!

அந்த ஐப்பசியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. போய்ப் பார்க்கச் சொல்லி முத்தாத்தாள் குடையை நீட்டினாள். அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. மழை விட்டபிறகு போனார். அடியில் கொஞ்சம் கிடந்தது. கார்த்திகை பிறந்தபோது அதுவும் இல்லை.

சசிகுமாருக்குப் போன் போட்டு வரச்சொல் என்று மனைவியிடம் சொன்னார். அதற்காகத்தான் அவளும் இத்தனை நாள் காத்திருந்தாள். ஆனாலும் போனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். ஊருக்கு வந்திருந்த நித்யஸ்ரீக்கு மனசு கேட்கவில்லை. தான் வாயைத் திறந்திருக்கவே கூடாது என்று தோன்றியது. இன்னும் ஒரு மழை பார்த்துவிட்டுத் தோட்டத்தைக் கொடுக்கலாமுங்கப்பா என்று கெஞ்சினாள்.

ஆத்தப்பன் மகளைப் பார்க்கவில்லை.

"வராத மழைக்குக் காத்திருந்தாக்கூடப் பரவால்ல கண்ணு. வருசாவருசம் வந்துட்டிருந்த மழைக்குத்தானே நான் காத்திருந்திருக்கறேன்."