எட்டு வருட வாழைப்பழம்

என் அலுவலகத்துப் பக்கத்து மேசைக்காரர் கும்பகோணம் பக்கம், ஆசாரமான குடும்பம். சிட்னியில், பிளாக்டவுனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எட்டு வருடமாக வந்து போகிறார். அந்த எட்டு வருடத்திலும் எங்கள் வீட்டில் அவர் வாயில் வைத்தது வாழைப்பழம் ஒன்றுதான். அதையும் தானே எடுத்து, தானே உரிப்பார். தண்ணீர்கூடத் தன் போத்தலில் கொண்டு வருவார். நாங்கள் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளிக்கிழமை மரக்கறி, சனிக்கிழமை நண்டு. எங்களோடு ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்கு வந்தால் சமைத்தது யார் என்று கேட்காமல் புளியோதரை சாப்பிடுகிற மனிதருக்கு என் மனைவியின் குசினிச் சமையல் மட்டும் ஆகாது. கேட்டால், "தப்பா நினைக்காதீங்க" என்பார். நினைக்காமல் என்ன செய்வது?

போன மாதம் அவருக்கு மெல்பனில் வேலை கிடைத்தது. அங்கே ரோவிலில் வீடும் பார்த்துவிட்டார். போவதற்கு முன் ஒரு நேரமாவது இவருக்குச் சோறு போட்டே தீருவேன் என்று வீட்டில் சத்தம் போட்டேன். மனைவி புதுச் சட்டிகள் வாங்கி, வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்க ஆயத்தமானாள்.

விருந்துக்கு வைத்த ஞாயிறு காலை நானும் அவரும் ஒரு படத்துக்குப் போனோம். ஒரே தெருவில் வளரும் இரண்டு யூதப் பெடியன்களின் கதை. ஒருவன் வீட்டில் எல்லாம் கட்டுப்பாடு, கறுப்புத் தொப்பி, ஓயாத வேதப் படிப்பு. மற்றவன் வீட்டில் பண்டிகைக்கு மட்டும்தான் கடவுள் ஞாபகம். உயிருக்கு உயிரான சிநேகிதம், ஆனால் முதலாமவன் மற்றவன் வீட்டுக் கோப்பையில் சாப்பிட மாட்டான். வாசற்படியில் இருந்துகொண்டு தோடம்பழம் உரித்துத் தின்பான். நான் இவரை முழங்கையால் இடித்தேன். இவர் அசையவில்லை. கடைசியில் தகப்பன் அந்தச் சிநேகிதத்தையே வெட்டிவிடுகிறார். பெடியன் அழுகிறான். திரும்பிப் பார்த்தால் என் நண்பரும் அழுகிறார், அந்தத் தகப்பனுக்காக!

காரில் ஏறியதும் வெடித்தேன். "உமக்கு விசரே? பெடியனை உயிரோட கொல்லுறான் அந்தாள். நீர் அவனுக்கு அழுகிறீர்!"

"அவர் பயப்படுறாருங்க. பிள்ளை கைய விட்டுப் போயிடுவானோன்னு. நான் வெளியில சாப்பிட்டது தெரிஞ்சா எங்கப்பாவுக்கும் மனசு உடைஞ்சிடும்."

நான் காரை வீட்டுக்கு விரட்டினேன். மேசையில் சோறு, சாம்பார், கத்தரிக்காய்க் கறி, ரசம் எல்லாம் ஆவி பறக்க இருந்தன. மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். இவர் அதில் இருந்தார், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார், கையை நீட்டி வாழைப்பழத்தை எடுத்தார்.

"அந்தப் பழத்தை வையும்!" என்று நான் கத்தவும் அவருடைய போன் அடிக்கவும் சரியாக இருந்தது. வீடியோவில் அவருடைய அப்பா.

"எங்கேடா இருக்கே?"

இவர் முழித்தார். நான் போனைப் பறித்தேன். "அங்கிள், உங்கட மகன் எட்டு வருசமா என்ர வீட்டில பச்சைத் தண்ணி குடிக்கேல்லை. உங்களுக்கு மனசு உடைஞ்சிடுமாம்!"

மனைவி தலையில் கை வைத்தாள். அந்தப் பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கா? ஊரை விட்டுக் கிளம்பறச்சே கண்ட ஓட்டல்லயும் சாப்பிடாதேன்னு சொன்னேன். பழகின வீட்டையா சொன்னேன்? இத்தனை வருஷத்துல இவன் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே. டேய், ஆறிடப் போறது, சாப்பிடு."

போன் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. "ஒருக்கா, ஒரேயொருக்கா அந்த மனுசனிட்டக் கேட்டிருக்கக் கூடாதே?"

"அந்த வீட்டுக்கே போக வேண்டாம்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருந்துது" என்றார். "சொல்லிட்டா அப்புறம் இங்க வரவே முடியாம போயிடுமே."

நான் வாழைப்பழத்தை எடுத்து அப்பால் வைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்தார். ரசத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே ஊற்றினாள். அடுத்த ஞாயிறு அந்தக் கதிரையில் இருப்பதற்கு அவர் சிட்னியில் இருக்கமாட்டார் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

புதுச் சட்டிகளை அவரிடமே கொடுத்து அனுப்பலாம் என்றாள் மனைவி. நான் விடவில்லை. இதற்குள் மீன் விழுந்தால் இந்த வீட்டில் கொலை விழும் என்று சொல்லி, அலுமாரியின் மேல்தட்டில் கவிழ்த்து வைத்தேன்.