இதம் என்று ஒரு பெயர்

பள்ளிச் சீருடை விற்கும் அந்தக் கடையில் அவளைப் பேர்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு பெயர் இல்லாமல் இல்லை. சம்பளம் கொடுக்கிற அன்றைக்கு மட்டும் முதலாளிக்கு அது ஞாபகம் வரும், மறுநாள் மறந்துபோகும். கடையின் பின்பக்கத்தில், துணிக் கட்டுகளுக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவே அவளுடைய எம்பிராய்டரி மிஷின் இருந்தது. பெற்றோர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் பிள்ளையின் பெயரைச் சட்டைப்பைக்கு மேலேயும் ஸ்வெட்டர் கழுத்துக்கு உள்ளேயும் நூலால் போட்டுத் தருவது அவள் வேலை. துணியை வளையத்தில் இறுக்கி வைத்துவிட்டால் மிச்சத்தை மிஷின் பார்த்துக்கொள்ளும். பின்பக்கம் தொங்குகிற பிசிறை மட்டும் அவள் வெட்டவேண்டும்.

பெயர் விஷயம் என்றால் சும்மாவா? தாங்களே வைத்த பெயரைச் சிலர் இரண்டு முறை அடித்து எழுதுவார்கள். ஒரு அப்பா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார், பக்கத்தில் நின்ற பிள்ளை அவரை முறைத்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் தாத்தா பெயரையும் சேர்த்துப் போடுவதா வேண்டாமா என்று கவுண்டரிலேயே மல்லுக்கட்டினார்கள். கடைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பேர்க்காரம்மா சிரிக்கமாட்டாள், கோபப்படவும் மாட்டாள். "முகத்துக்கும் கஞ்சி போட்டுத் தேச்சுட்டு வர்றீங்களா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அவள் பாட்டுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளே மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ மாதிரி இருக்குமே, அப்படி.

அந்தப் பெயர் முதன்முதலாக வந்தது பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில். ஒரு அம்மா, மூக்கு ஒழுகுகிற ஒரு பையன். சீட்டில் 'இதம்' என்று எழுதியிருந்தது. அவள் சீட்டைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள். துணியை வளையத்தில் வைத்தாள். சின்னப் பெயர், சீக்கிரம் முடிந்துவிட்டது. பிசிறை வெட்டி, மடித்து, பையில் போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட்டாள். சாயங்காலம் பஸ் பிடித்தாள். அழுகை வருமா என்று பஸ்ஸில் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை.

வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது அவள் வீட்டில் பிறந்த பெயர். அவளும் அவள் புருஷனும் சேர்ந்து உண்டாக்கியது. அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் முழுகாமல் இருந்தபோது ஏழாம் மாசத்தில் இடுப்பு வலி உயிரை வாங்கியது. அவர் வேலை முடிந்து வந்ததும் வெந்நீர்ப் பையை அவள் இடுப்பில் வைத்து, "இதமா இருக்கா? இப்ப இதமா இருக்கா?" என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்பார்.

"பொறக்கப்போறதுக்கு இதம்னே பேர் வச்சிடுங்க. நாள் பூரா அதையே சொல்லிக்கிட்டு இருக்கலாம்" என்றாள் அவள், கிண்டலுக்குத்தான்.

அவர் அதையே பிடித்துக்கொண்டார். "பையன்னாலும் சரி, பொண்ணுன்னாலும் சரி, ரெண்டுக்கும் பொருந்துது பாரு. தேடுற வேலை மிச்சம்."

அவர்கள் யாரிடமும் மூச்சு விடவில்லை. பிறந்த பிறகு சொல்லி எல்லாரையும் அசத்தலாம் என்று இருந்தார்கள்.

குழந்தை பிறந்தது, அழவில்லை. அவளுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிலையும் எடுத்துவிட்டார்கள். என்ன குழந்தை என்று கேட்க வாயெடுத்தவளை அவளுடைய அக்கா அடக்கினாள். "கேக்காதடி. தெரிஞ்சா முகம் வந்து நிக்கும். விட்டுடு." புருஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வேறு குழந்தை தங்கவும் இல்லை. மளிகை, கரண்ட் பில், மாமனாரின் கண் ஆபரேஷன் என்று இரண்டு பேரும் எல்லாம் பேசினார்கள். அதை மட்டும் பேசவில்லை.

பெயரோ அந்த மூக்கு ஒழுகியோடு நிற்கவில்லை. அடுத்த வருஷம் ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், அதுவும் இதம். அதற்கடுத்த வருஷம் இன்னும் சில பேர், ஆணும் பெண்ணுமாக. வேறெங்கும் யாரும் கேள்விப்படாத பெயர், இந்த ஊரில் மட்டும் ஈசல் போலக் கிளம்பியது. ஒரு வகுப்பில் குட்டை இதம், நெட்டை இதம் என்று பிரித்துக் கூப்பிட வேண்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்கு அளந்துவிட்டார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பழைய ஏட்டில் இருப்பதாகச் சொன்னார், எந்த ஏடு என்று கேட்டால் செருமினார். முடிவெட்டுகிறவர் ஏதோ டிவி சீரியல் என்று சத்தியம் செய்தார். "எவனோ சோப்புக் கம்பெனிக்காரன் கெளப்பி விட்டிருக்கான்" என்றார் முதலாளி. சோப்புக்கு நல்ல பெயர்தான், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பேர்க்காரம்மா எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டு வருஷக் கணக்கில் தைத்தாள். இரண்டே பேருக்குத் தெரிந்த பெயர். அவள் சொல்லவில்லை என்றால் அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். பெண்டாட்டியிடம் பேசாததை டீக்கடையில் எவனிடமோ கொட்டியிருக்கிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்புகூட வலிக்கவில்லை. ஒரு மூலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதைவிட இன்னொன்றுதான் அவளை அரித்தது. மிஷினுக்கு முன்னால் ஒரு பையன் வந்து நின்றால், இப்படி இருந்திருக்குமோ என்று பார்ப்பாள். ஒரு பெண் வந்து நின்றால் அதையும் அப்படித்தான் பார்ப்பாள். எதைப் பார்த்து ஏங்குவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் முதலாளிக்கு யோசனை உதித்தது. "பேர்க்காரம்மா, இந்த இதத்தை மட்டும் ஒரு நூறு துணிப்பட்டியில போட்டு வச்சிடுங்க. ரெடி ஸ்டாக். வேணுங்கிறவன் வாங்கிச் சட்டையில வச்சுத் தச்சுக்கட்டும்."

"முடியாது."

கடையே திரும்பிப் பார்த்தது. அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

"ஏன், நூல் இல்லையா?"

"நூல் இருக்கு. ஆள் இல்லாம பேர் போட மாட்டேன்."

முதலாளி கடைப் பெண்களைப் பார்த்துத் தன் தலையை விரலால் தட்டிக் காட்டிவிட்டு முன்பக்கம் போனார். அவள் அடுத்த சட்டையை வளையத்தில் இறுக்கினாள். தானா அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்து அந்தப் பெயரோடு வந்த அம்மாவிடம் நேராகவே கேட்டாள். "யாரும்மா வச்ச பேரு?"

"பெரியாஸ்பத்திரி ஆயாக்கா. நாங்க பேர் தோணாம முழிச்சுக்கிட்டு இருந்தோம். அவங்கதான் சொன்னாங்க."

அதற்கடுத்த அம்மாவும் அதே ஆயாவைச் சொன்னாள். பேர்க்காரம்மா பிரசவித்ததும் அதே ஆஸ்பத்திரியில்தான்.

விடுமுறை நாளன்று மத்தியானம் அங்கே போனாள். பிரசவ வார்டுக்குப் பின்னால் ஆயா படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாது. வந்தவள் யார் என்றுகூடக் கேட்காமல், "அந்த முனையைப் பிடி" என்று ஒரு விரிப்பை நீட்டினாள். இரண்டு பேரும் மடித்தார்கள். பெயரைப் பற்றி இவள் கேட்டதும் ஆயாவின் குரல் இறங்கியது.

"அது ஒரு அப்பன் வச்ச பேரும்மா. குழந்த தங்கல. துணியில சுத்தி அவர் கையில குடுத்தேன், ஒரு நிமிஷம் பாத்துக்கங்கன்னு. அந்த மனுஷன் அழக்கூட இல்ல. குனிஞ்சு, இதம், இதம்னு கூப்பிட்டாரு. தூங்குற புள்ளைய எழுப்புற மாதிரி. அந்தப் பேரைக் கேட்ட ஆளு நான் ஒருத்திதான். அப்படியே போயிடக் கூடாதுன்னு தோணுச்சு. அதான், யாராவது பேர் கேட்டா குடுத்துடுவேன்."

பேர்க்காரம்மா விரிப்பின் முனையை விடவில்லை. "அது ஆணா, பொண்ணா?"

ஆயா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நெனவில்லையே. எத்தனை புள்ளைங்கள இந்தக் கையில வாங்கியிருக்கேன். பேரு ரெண்டுக்கும் ஒத்துப்போகுதா, பேரு மட்டும் தங்கிடுச்சு. ஆமா, நீ யாரும்மா?"

"யூனிஃபார்ம் கடை. பேர் தைக்கிறவ."

கடைசி விரிப்பையும் மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தாள். டீக்கடையில் எவனிடமோ சொன்னார் என்று அத்தனை வருஷம் நினைத்தாளே, அவர் அதை அந்தக் குழந்தையிடம்தான் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, நமக்குப் பொறந்தது என்ன குழந்த?"

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது. "என்ன கேக்குற? உனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னா எனக்கு?"

"உங்க அக்கா சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன். நீ அந்தப் பேச்சையே எடுக்கல. உனக்குப் பிடிக்கலன்னு நானும் விட்டுட்டேன்."

"நீங்க வாயத் தொறக்கல. உங்களுக்குத் தாங்காதுன்னு நான் கேக்கல."

இப்படியும் இரண்டு பேர் இருப்பார்களா என்றால், இருந்தார்கள். ஒருத்தர் மனசு நோகக் கூடாது என்று இன்னொருத்தர் பொத்திப் பொத்தி வைத்தே அத்தனை வருஷத்தையும் வீணடித்திருந்தார்கள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பொண்ணு" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். கடையில் சீட்டை வாங்கிக்கொள்கிற மாதிரி அதை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் வாயிலிருந்து, அவளே நினைக்காத ஒரு கேள்வி வந்தது.

"முடி இருந்துச்சா?"

"இருந்துச்சு" என்றார் அவர். "நெறைய. இதோ, இது வரைக்கும்." எச்சில் கையை மறந்து தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.