பாழ் மாளிகையின் குசினி

மன்னிப்பது பெரிய குணம் என்கிறார்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது. என் மச்சாள், தம்பியின் மனைவி, செய்ததை இரண்டு வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். இந்தக் கோடையில் பாரிஸின் லாச்சப்பல் கடையில் வாங்கிய முறுக்குப் பைகளோடு அதையும் வேல்ஸுக்குக் கொண்டுபோனேன்.

நடந்தது இதுதான். தம்பி குடும்பம் வேல்ஸுக்குக் குடிபெயர்ந்தாலும் சொந்தபந்தம் எல்லாம் பாரிஸில்தான். அதனால் மகள் பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கைப் பாரிஸை ஒட்டிய சார்செல்லில் மண்டபம் எடுத்து வைத்தார்கள். தண்ணீர் வார்க்க வேண்டிய மாமி நான். புதுச்சேலை உடுத்திப் போனேன். என் கணவர் இறந்து அப்போது மூன்று வருடம். மச்சாள் என் காதோடு சொன்னாள்: "மச்சாள், நீங்கள் குசினிப் பக்கம் ஒருக்கா பாத்துக்கொள்ளுங்கோ."

எனக்குப் பதிலாக அவளுடைய சிநேகிதி வார்த்தாள். நான் அடுப்படி வாசலில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் பல்லைக் காட்டினேன். தம்பி என் பக்கம் திரும்பவேயில்லை. அவளுடைய வாயாலேயே, அவளுடைய பிள்ளைக்கு முன்னால், செய்ததைச் சொல்லவைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மச்சாளுக்கு வேல்ஸில் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்திருந்தது. யாரோ ஒரு சின்னப் பெட்டியை எங்காவது ஒளித்துவைப்பார்கள். கைபேசியில் வரும் குறிப்பைப் பார்த்துத் தேட வேண்டும். உள்ளே பெயரெழுத ஒரு குட்டிக் கொப்பி மட்டும் இருக்கும். கண்டுபிடித்துப் படமெடுத்துச் சொந்தக்காரரின் வட்சப் குழுவில் போடாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

நான் போன மறுநாள் தம்பி வேலைக்குப் போய்விட்டான். நானும் மச்சாளும் அவள் மகளான என் மருமகளும் ஆற்றங்கரையோடு நடந்தோம். ஆறு வெறுந்தேநீர் நிறத்தில் ஓடியது. வளைவு தாண்டியதும் கூரை இல்லாத பழைய மாளிகை. பெட்டி அதற்குள்தான் என்றாள் மச்சாள். மருமகள் குறிப்பை வாசித்துத் தமிழில் சொன்னாள்: இந்த வீட்டில் ஒருநாளும் குளிராத இடம்.

மச்சாள் நேரே பெரிய மண்டபத்துக்குப் போய்க் கணப்படுப்பைக் கிளறத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. மண்டபத்தில் விருந்தாளி வந்தால்தான் நெருப்பு. நெருப்பு அணையாத இடம் குசினி. அங்கே அனுப்பப்பட்டவளுக்கு அது தெரியாதா? பின்பக்கம் போனேன். அடுப்புக் கல்லின் இடுக்கில் பெட்டி இருந்தது. எடுத்து என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, மதிலில் ஆற அமர உட்கார்ந்தேன்.

முக்கால் மணித்தியாலம் அவள் தேடினாள். காஞ்சொறி பட்டுக் கை தடித்தது. சப்பாத்து சேற்றில் புதைந்தது. உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்கட்டும் என்று நான் முறுக்குக் கடித்தேன். கடைசியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"மச்சாள், நீங்கள் ஒருக்கா தேடிப் பாருங்கோ. உங்களுக்கு நல்ல கைராசி."

பெட்டியை வெளியே எடுத்தேன். வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"தாலியில்லாத கையால எடுத்தது. பிள்ளை தொடலாமோ?"

மருமகள் என்னையும் தாயையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏன் மாமி அப்பிடிச் சொல்லுறீங்கள் என்று கேட்டாள். அம்மாவைக் கேளுங்கோ என்றேன். மச்சாள் மழை வரப்போகுது, வீட்டுக்குப் போவம் என்றாள். பிள்ளை அசையவில்லை. அவளாகவே கணக்குப் போட்டுவிட்டாள்.

"மாமி ஏன் எனக்குத் தண்ணி வாக்கேல்லை எண்டு அண்டைக்குக் கேட்டனான். மாமிக்கு விருப்பமில்லையாம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள், அம்மா?"

இது எனக்கே புதுச் செய்தி. இரண்டு வருடமாக அந்தப் பிள்ளை, மாமிக்குத் தன்மேல் விருப்பமில்லை என்று நினைத்திருக்கிறது. மச்சாள் அழத் தொடங்கினாள். மழையும் தொடங்கியது. அவள் எல்லாவற்றையும் தன் வாயால், பொய்யில்லாமல், பிள்ளைக்குச் சொல்லி முடிக்கும்வரை நான் மதிலைவிட்டு எழும்பவில்லை.