அழுகை கேட்காத பிள்ளைக்காம்பரா

1929ஆம் ஆண்டு ஜூன் மாதம் 25ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். ஐந்து நாள் விடாமல் பெய்த மழை முந்தின நாள் மாலையோடு ஓய்ந்திருந்தது. வானம் வெளுத்து, காற்று அசையாமல், ரப்பர் மரங்களின் பட்டை காய்ந்து கிடந்தது. எஹலியகொடைக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. பால் வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை. பேர் என்பது ஒரு நாள் சம்பளம். பெண்களுக்கு நாற்பது சதம். ஐந்து நாள் பேர் போன எங்கள் வீட்டில், ஆறாம் நாள் காலையில் என் தங்கை மேலுதடு வீங்கி மூக்கைத் தொட எழுந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு வயது இரண்டேகால். எனக்கு எட்டு. அம்மா புறங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். நெருப்பாய்க் கொதித்தது. அப்பா ஸ்டோரில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் இரவு வேலைக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் தப்புப் பறை அடித்து ஓய்ந்துவிட்டது. அம்மா பால் வாளியை எடுத்தாள், வைத்தாள், மறுபடியும் எடுத்தாள்.

“தம்பி, பாப்பாவ அத்தைகிட்ட தூக்கிட்டுப் போ. ரெண்டு பேருமா மருந்து ஊட்டுக்குப் போயி காட்டிட்டு வாங்க. நான் இன்னைக்கும் நின்னா உலைக்கு அரிசி இல்ல.”

அத்தை என்பது அப்பாவின் அக்கா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அவர்தான் ஆயா. தாய்மார் மலைக்கு வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் ஒற்றை அறை அது. தகரக் கூரை, இரண்டு சன்னல், குறுக்குக் கம்பிகளில் வரிசையாகத் தொட்டில்கள். என் தங்கையைச் சேர்த்து இருபத்தொரு குழந்தைகள் அங்கே இருந்தன. இருபத்தொன்றும் அழாது. வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்துத் துரை வந்து வாசலில் நின்று காது கொடுத்துக் கேட்பார். ஒரு சத்தமும் வராது. திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார். தீபாவளிக்கு அத்தைக்கு மட்டும் ஒரு சேலை தனியாக வரும்.

அந்த அமைதிக்குக் காரணம் யாருக்கும் தெரியாததல்ல. கட்டைவிரல் அளவு கித்துள் பனைக் கருப்பட்டி, அதைச் சுற்றி ஒரு பழந்துணி, மேலே ஒரு நூல் கட்டு; இதுதான் கிழி. தேநீரில் நனைத்துக் குழந்தையின் வாயில் வைத்தால் அது சப்பிக்கொண்டே தூங்கிவிடும். கரைந்துபோனால் இன்னொன்று. கீழே கிராமத்திலிருந்து ஒரு சிங்களத்து அம்மா கருப்பட்டி கொண்டுவந்து விற்பார். ஒவ்வொரு தாயும் வாங்கி, மடியில் முடிந்து, காலையில் குழந்தையோடு சேர்த்துக் கிழியையும் அத்தையிடம் கொடுப்பாள். குழந்தை அழுதால் தாயைக் கூப்பிட ஆள் போகும். தாய் மரத்தை விட்டுவிட்டு இறங்கி வந்து போனால் அன்றைக்குப் பால் குறையும். பால் குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர்தான் போடுவார். அரைப்பேர் இருபது சதம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் சிறு பிள்ளைகள் சிரித்தால் முன்வாய் கறுப்பாக இருக்கும். பால்பல் என்றால் கறுப்பு; அது தேய்ந்து விழுந்தபின் வருவது வெள்ளை. இதுதான் நான் அறிந்த இயற்கை. எனக்கும் அப்படியே கறுத்து விழுந்து வெள்ளையாக முளைத்ததால் அதில் சந்தேகப்பட இடமே இருக்கவில்லை.

பிள்ளைக்காம்பராவில் ஒரு கிழவியைக் காவலுக்கு உட்காரவைத்துவிட்டு அத்தை எங்களோடு வந்தார். மருந்து வீட்டு வாசலில், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவின் மகள், மூன்று வயதுப் பிள்ளை, பூனைக்குட்டி ஒன்றை இடுக்கிக்கொண்டு நின்றாள். எங்களைக் கண்டதும் சிரித்தாள். நான் பயந்து பின்வாங்கிவிட்டேன். அவள் வாய் முழுவதும் வெள்ளைப் பற்கள்! மேலே வெள்ளை, கீழே வெள்ளை. அப்படி ஒரு குழந்தையின் வாயை நான் அதுவரை பார்த்ததில்லை.

“அத்தை, இந்தப் புள்ளைக்கு என்ன சீக்கு?”

“சும்மா இருடா. ஐயாமாரு ஊட்டுப் புள்ளைங்களுக்கு அப்புடித்தான் மொளைக்கும்.”

டிஸ்பென்சர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே கை கழுவிக்கொண்டிருந்தவர் நான் கேட்டதைக் காதில் வாங்கிச் சிரித்துக்கொண்டே வந்தார். அத்தையின் மடியில் கிடந்த தங்கையின் உதட்டை இரண்டு விரலால் உயர்த்தினார். சிரிப்பு அப்படியே நின்றது.

நானும் எட்டிப் பார்த்தேன். தினமும் பார்த்த வாய்தான். ஆனால் அந்த வெள்ளைப் பற்களைப் பார்த்த கண்ணோடு பார்த்தபோது அது வேறு வாயாகத் தெரிந்தது. மேல் வரிசை முன்பற்கள் நான்கும் எரிந்து முடிந்த தீக்குச்சி முனைகளைப் போல ஈற்றோடு ஒட்டி நின்றன. அவற்றின் மேலே ஈறு சிவந்து புடைத்து, நடுவில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது.

“காலைப் பிடி தம்பி. எணை, தலையை இறுக்கிப் பிடியணை. அசைய விடாதே.”

அத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தங்கையின் தலையை வைத்துப் பிடித்தார். நான் கால்களைப் பிடித்தேன். குறடு உள்ளே போயிற்று. தங்கை போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற பூனைக்குட்டி பாய்ந்து ஓடியது. இரண்டு பற்கள் வந்தன. அவற்றோடு இரத்தமும் சீழும் வந்தன. பல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. வெள்ளைக் கிண்ணத்தில் இரண்டு கறுப்புத் துணுக்குகள் கிடந்தன.

எல்லாம் முடிந்தபிறகும் தங்கையின் ஒரு கை மூடியபடியே இருந்தது. டிஸ்பென்சர் ஐயா அதை விரித்தார். உள்ளே கிழி.

“இதென்னணை?”

“கித்துள் கருப்பட்டிங்கய்யா. நல்ல கருப்பட்டி. இதக் குடுத்தாத்தான் புள்ளைங்க அமருங்க. என் காம்பராவுல அழுகைச் சத்தமே கேக்காதுங்க. தொரையே சொல்லுவாங்க.” அத்தையின் குரலில் அப்போதும் பெருமை இருந்தது.

“படுக்கேக்கையும் வாயிலை இருக்கோ?”

“படுக்க வைக்கத்தானுங்களே குடுக்கிறது.”

ஐயா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். கிழியை அத்தையின் முன்னால் நீட்டினார்.

“விடிய விடிய இனிப்பிலை ஊறினா எந்தப் பல்லு நிக்கும்? பால்பல்லுத்தானேயெண்டு விடுறியள். அதின்ரை சீழ் அடியிலை இருக்கிற பல்லையும் பழுதாக்கும். காய்ச்சல் ஏறினா பிள்ளையே கையிலை தங்காது. இண்டைக்கு நீங்கள் வந்தபடியாத் தப்பினது.”

அத்தை தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

டிஸ்பென்சர் ஐயா எங்களோடு நடந்து பிள்ளைக்காம்பராவுக்கே வந்தார். தொட்டில் தொட்டிலாகக் குனிந்து ஒவ்வொரு வாயையும் திறந்தார். நான் பின்னாலேயே போய் எண்ணினேன். தங்கை நீங்கலாக இருபது வாய். பதினாறு கறுப்பு. மூன்றில் பல்லே முளைக்கவில்லை. ஒன்று மட்டும் வெள்ளை. அந்தக் குழந்தையின் தாய் வேறு தோட்டத்திலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பல் முளைக்காத மூன்றின் வாயிலும்கூடக் கிழி இருந்தது. அவர் எல்லாவற்றையும் பிடுங்கி அடுப்பில் போட்டார். அறை முழுவதும் கருப்பட்டி கருகும் வாசனை வந்தது. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

“பால் குடிச்சாப் பிறகு சுத்தமான ஈரத்துணியாலை பல்லைத் துடையுங்கோ. நித்திரைக்குப் போகேக்கை வாயிலை ஒண்டும் இருக்கக் கூடாது. தாகமெண்டா கொதிச்சாறின தண்ணி.” விரலில் துணியைச் சுற்றி, ஒரு குழந்தையின் வாயில் எப்படித் துடைப்பது என்று செய்தும் காட்டினார். நான் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டேன். இன்றைக்கும் என் பேரப்பிள்ளைகள் படுக்கப் போகுமுன் வாயைத் திறக்கச் சொல்கிறேன். அவர்களுக்கு அது பெரிய எரிச்சல்.

டிஸ்பென்சர் ஐயா போய்க் கால் மணி நேரத்தில் முதல் அழுகை தொடங்கியது. பிறகு பக்கத்துத் தொட்டில். பிறகு எல்லாத் தொட்டிலும். தகரக் கூரை அதிர்ந்தது. மலையில் பால் வெட்டிக்கொண்டிருந்த தாய்மார் ஒவ்வொருவராக வாளியோடு ஓடி வந்தார்கள். பதினோரு பேர்.

“எந்தப் பாவி கிழியப் புடுங்குனது?”

“டிஸ்பென்சர் ஐயா.”

“அவரு பொண்டாட்டி பால் வெட்டவா போறா? ஊட்டுல குந்திக்கிட்டு மகளோட பல்ல எண்ணிக்கிட்டு இருப்பா!”

“இப்பவே பல்லப் புடிச்சுப் பாக்குறாரே, என் மகளப் பொண்ணு பாக்கவா வந்தாரு?”

சிலர் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்கும் அரைப்பேர்தான். அம்மா கடைசியாக வந்தாள். தங்கையின் உதட்டை உயர்த்திப் பார்த்தாள். இரண்டு பல் இருந்த இடம் இரத்தக் குழியாக இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து முந்தானையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலை டிஸ்பென்சர் ஐயா சொன்னதை ஒரு சொல் விடாமல் அம்மாவிடம் மூன்று தரம் சொன்னேன். அவள் மூன்று தரமும் கேட்டாள். காரியம் முடிந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாளும் மழை இல்லை. நான் கண்விழித்தபோது அம்மா அடுப்பு வெளிச்சத்தில் குந்தியிருந்தாள். பழைய சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, அதில் கருப்பட்டியை வைத்து நூலால் கட்டிக்கொண்டிருந்தாள். தேநீரில் நனைத்தாள். தங்கையின் வாயில் வைத்தாள். புண்ணில் பட்டதும் தங்கை துடித்துத் தலையைத் திருப்பினாள். பிறகு இனிப்பு தெரிந்தது போலும். கண்ணில் நீர் வழிய வழிய அதையே இழுத்துச் சப்பினாள்.

முந்தின நாள் குறடு உள்ளே போனதைப் பார்த்தபோதுகூட நான் அப்படி நடுங்கவில்லை. குறடு பிடித்தவர் அந்நியர். இது அம்மாவின் கை.

“அம்மா, வேணாம்மா! பல்லு போயிரும்மா!”

“பல்லு போனா மொளைக்கும்டா. போன பேரு மொளைக்குமா? தை பொறந்தா நீ டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போவணும். சேக்கிறதுக்கே அஞ்சு ரூவா. ஆகாசத்துலேருந்தா உழும்?”

இதை நான் காதால் கேட்டேன். ஐந்து ரூபாய் என்பது அப்பா அம்மாவின் விஷயம், மழை வருவதும் வராததும் போல. என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கிழி மட்டும்தான். பாய்ந்து பிடுங்கி, வாசலுக்கு ஓடி, லயத்துக்கு முன்னால் மழைத் தண்ணீர் இன்னும் வடிந்து ஓடிய வடிகால் கானில் எறிந்தேன். அது மிதந்து போயிற்று. அதுதான் வீட்டிலிருந்த கடைசிக் கருப்பட்டி. அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். வாளியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளைக்காம்பரா வாசலில் சண்டை. தாய்மார் புதுக் கிழிகளை நீட்டினார்கள்; அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எங்கிட்ட நீட்டாதீங்கடி. நேத்து அந்தப் புள்ள தலைய இந்த முட்டியிலதான் வச்சு நெரிச்சேன். வைக்கிறதுன்னா நீங்களே வச்சிட்டுப் போங்க.”

ஏழு பேர் தாங்களே வைத்துவிட்டுப் போனார்கள். அத்தை அவற்றைத் தொடவில்லை. மற்றக் குழந்தைகளை அத்தை ஆட்டிப் பார்த்தார், பாடிப் பார்த்தார். அன்று நான் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தேன். தண்ணீர் கொடுத்தேன். காகத்தைக் காட்டினேன். அவள் கிழி கேட்டு அழுது அழுது குரல் கம்மிப்போனாள். ஒன்பதரைக்கு அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தாள். கணக்கப்பிள்ளை குடையோடு பின்னால் நின்றார்.

“என்னா, இன்னைக்கும் அரையா?”

“அரையே போடுங்கய்யா.”

அம்மா உட்கார்ந்து தங்கையை மடியில் போட்டுக்கொண்டாள். “அந்த ஐயா எப்புடித் தொடச்சாரு? காட்டு” என்றாள். விரலில் துணி சுற்றிக் காட்டினேன். அம்மா அதே மாதிரி, புண்ணைத் தொடாமல், துடைத்தாள். தங்கை விம்மி விம்மித் தூங்கினாள். பிறகுதான் அம்மா மலைக்குப் போனாள்.

அதற்குப்பின் அம்மா கருப்பட்டி வாங்கவில்லை. மறுநாளும் இறங்கி வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். கிழி பிடுங்கப்பட்ட முதல் நாளையும் சேர்த்து ஒன்பது நாள் வந்தாள்; ஒன்பதும் அரைப்பேர். பத்தாம் நாள் தங்கை தண்ணீர் குடித்துவிட்டுத் தானாகவே தூங்கினாள். மற்ற வீடுகளில் சிலர் விட்டார்கள், சிலர் விடவில்லை. அந்த வருடத் தீபாவளிக்கு அத்தைக்குச் சேலை வரவில்லை. துரைக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்று சொன்னார்கள்.

நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன். டிஸ்பென்சர் ஐயாவின் சொல்லை அம்மாவுக்கு விளங்கவைத்தவன் நான். அதற்கு ஒருவரும் என்னைப் பாராட்டவில்லையே என்பது மட்டும் சிறு குறையாக இருந்தது. ஜனவரி வந்தது. டவுன் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பவில்லை. கேட்டதற்கு, “வயசு பத்தாதாம், அடுத்த வருசம் பாக்கலாம்” என்றார் அப்பா. நான் நம்பினேன். தங்கையோடு இன்னும் ஒரு வருடம் இருக்கலாம் என்று குதித்துக்கூட இருக்கிறேன். அப்போது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

அம்மா காலமானபிறகு அத்தைதான் ஒரு நாள் சொன்னார். சேர்க்கும் பணம் ஐந்து ரூபாயில் அம்மாவின் தகர டப்பாவில் அந்த ஜனவரியில் இருந்தது மூன்று ரூபாய் இருபது சதம். போதாமல் போனது ஒரு ரூபாய் எண்பது சதம்.