சத்தியப்பிரமாணம் முடியும் வரைக்கும்

நான் தொலைக்காட்சியில் நேரடி நிகழ்ச்சிகளுக்குத் தமிழில் வர்ணனை சொல்கிறவள். சுதந்திர தின அணிவகுப்பு, நாடாளுமன்றத் திறப்பு விழா, பெரிய மனிதர்களின் இறுதி ஊர்வலம் என்று எதையும் விட்டதில்லை. என் முகம் திரையில் வருவதில்லை. ஆனாலும் வெள்ளவத்தைச் சந்தையில் நான் மீன் விலை கேட்டால், பக்கத்தில் நிற்கிற யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். குரல் பிடிபட்டுவிடும்.

அந்த முறை ஆட்சி மாறியபோதும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். தேர்தல் முடிவு முந்தின நாளே வந்துவிட்டது. பதவியில் இருந்த ஜனாதிபதி தோற்றுப்போயிருந்தார். காலையில் அவர் தன் அலுவலகத்திலிருந்து விடைபெறுவார், அதன் பிறகு வென்றவர் அதே கட்டடத்தில் சத்தியப்பிரமாணம் செய்துகொள்வார் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டையும் நேரடியாகக் காட்டுவதாக எங்கள் நிலையம் முடிவு செய்தது.

நான் திரீவீல் ஆட்டோவில் கிளம்பியபோது காலி வீதியில் பாதிக் கடைகள்தான் திறந்திருந்தன. பேக்கரி வாசலில் நின்றவர்கள் வாங்க வந்த பாணை மறந்துவிட்டு, கடைக்குள் தொங்கிய தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதற்றம் இருக்கவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அன்றைய இயக்குநர் கொட்டாஞ்சேனைக்காரர். முப்பதைத் தாண்டியவர், கெட்டிக்காரர், என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். வென்றவருக்காக வாரக்கணக்கில் ஓடியாடி வேலை செய்தவர் என்பது நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். நித்திரையில்லாத கண்களோடும் முகம் நிறைந்த சிரிப்போடும் வந்திருந்தார். அவர் கட்டுப்பாட்டறையில் இருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், சின்னக் கூண்டுக்குள், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பேசுவது எனக்கு மட்டும் கேட்கும்.

திரையில் அந்தப் பழைய கட்டடத்தின் பெரிய கதவு திறந்தது.

"அதிமேதகு ஜனாதிபதி அவர்கள் இப்போது படிகளில் இறங்கி வருகிறார்கள்" என்றேன்.

"அக்கா, முன்னாள் ஜனாதிபதி" என்றது ஹெட்போன்.

நான் மாற்றவில்லை. படிகளின் அடியில் அலுவலக ஊழியர்கள் வரிசையாக நின்றார்கள். அவர் ஒவ்வொருவராகக் கைகொடுத்துக்கொண்டு வந்தார். அவசரப்படவில்லை. சமையற்கட்டில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், ஒரு பெண் குனிந்து அவருடைய காலைத் தொடப் போனார். அவர் அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்து நிமிர்த்தி, காதோரம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தார். கண்டதை அப்படியே சொன்னேன். சொல்லும்போது இன்னொரு முறை "ஜனாதிபதி அவர்கள்" என்றேன்.

"அக்கா, 'முன்னாள்' போடுங்க. மனுசன் தோத்துட்டார். ஓடுறார்னு சொன்னாலும் தப்பில்ல."

மைக்கை அடைத்து, கட்டுப்பாட்டறையோடு மட்டும் பேச வைக்கிற பொத்தானை அழுத்தினேன்.

"தம்பி, மற்றவர் இன்னும் சத்தியம் செய்யேல்ல. அது முடியும் வரைக்கும் இவர்தான் ஜனாதிபதி. நடுவில நாடு ஆளில்லாமல் நிக்கேலாது."

"இதெல்லாம் யாரு அக்கா பாக்கிறாங்க?"

"நான் பாக்கிறன்."

பொத்தானை விட்டேன். திரையில் ஜனாதிபதி காரில் ஏறினார். காரின் முன்புறத்தில் சின்னக் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. "அதிமேதகு ஜனாதிபதி அவர்கள் தமது அலுவலகத்திலிருந்து விடைபெறுகிறார்கள்" என்று சொல்லி நிறுத்தினேன். கார் கடற்கரை வீதியில் திரும்பி மறையும் வரை வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த மனிதரில் எனக்குப் பாசம் இருந்ததில்லை. நான் அவருக்கு வாக்களிக்கவும் இல்லை. சண்டைக் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் என் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைத் தவிர வேறு காரணம் இல்லை. திரும்பி வந்த அண்ணா வெகுகாலம் கதவுத் தட்டல் கேட்டாலே எழுந்து நின்றார். அந்த ஜனாதிபதிக் கதிரையில் யார் யாரோ மாறி மாறி இருந்தார்கள். ஒருவரும் எங்கள் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. அன்று அந்தக் கூண்டுக்குள்ளும் நினைவிருந்தது.

ஆனால் துவக்காலும் குண்டாலும் எத்தனையோ விடயங்களைத் தீர்த்துக்கொண்ட நாடு இது. இங்கே தோற்றவர் தானாகவே வாசலுக்கு நடந்து வருகிறார், வென்றவர் அவர் போகும் வரைக்கும் பொறுத்திருக்கிறார் என்றால் அது சின்ன விடயம் இல்லை. அந்த நேரத்தில் ஒரு வார்த்தையில் அவரைச் சிறுமைப்படுத்துவது எனக்குச் சுலபம். சனம் கைதட்டவும் கூடும். அடுத்த முறை போக வேண்டியவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். போனால் இப்படித்தான் நடத்துவார்கள் என்று தெரிந்தால் யாருக்குப் போக மனம் வரும்? அதனால்தான் நான் அந்த மரியாதையைக் குறைக்கவில்லை. இதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வென்றவர் வந்தார். பிரதம நீதியரசர் முன்னால் நின்று உறுதிமொழியை வாசித்தார், பிறகு குனிந்து கையெழுத்திட்டார். அவர் பேனையை வைத்ததும், "அதிமேதகு ஜனாதிபதி அவர்கள்" என்று அவரை முதல்முறையாக அழைத்தேன். கட்டுப்பாட்டறையில் இயக்குநர் எழுந்து நின்று கைதட்டியது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பௌத்த பிக்கு கையில் நூல் கட்டினார், ஐயர் திருநீறு பூசினார், மௌலவியும் பாதிரியாரும் பிரார்த்தனை செய்தார்கள்.

பிறகு புதியவர் சிங்களத்தில் உரையாற்றினார். நான் உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். தொடக்கத்திலேயே, தனக்கு முன் பதவியில் இருந்தவருக்கு நன்றி சொன்னார். அதைத் தமிழில், "முன்னாள் ஜனாதிபதி அவர்களுக்கு என் நன்றி" என்றேன்.

"இப்ப வந்துருச்சா, முன்னாள்?" என்று ஹெட்போன் சிரித்தது.

"ஓம் தம்பி, இப்பதான் அதுக்கு நேரம்" என்றேன், பொத்தானை அழுத்திக்கொண்டு.

உரையின் நடுவில் அவர் எதிர்பாராமல் தமிழுக்கு மாறினார். யாரோ சிங்கள எழுத்தில் எழுதிக் கொடுத்ததை வாசித்தார் போல. 'வாழ்க்கை' என்ற சொல்லில் தடுக்கி நின்றார். மீண்டும் முயன்றார், வரவில்லை.

"அக்கா, விளங்கல. நீங்க சரியாத் திருப்பிச் சொல்லுங்க, சீக்கிரம்."

நான் மைக்கை அடைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நாட்டின் தலைவர் என் மொழியில் என்னோடு பேச முயல்கிறார். அவர் தமிழை நான் தமிழில் மொழிபெயர்த்தால் அதைவிட அவமரியாதை வேறில்லை. மூன்றாம் முறை அந்தச் சொல் ஒருமாதிரி வந்து சேர்ந்தது. அவர் சிங்களத்துக்குத் திரும்பிய பிறகுதான் நானும் வாயைத் திறந்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது இயக்குநர் இரண்டு கோப்பை பிளேன்டீயோடு நின்றார். சிரிப்பு குறைந்திருந்தது.

"மேல இருந்து கோல் வந்துச்சி. 'முன்னாள்' போடலன்னு யாரோ கம்ப்ளைன் பண்ணியிருக்காங்க. தமிழ்ல வர்ணனை சொன்னவங்க எந்தக் கட்சின்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கட்சியெல்லாம் இல்ல, சரியான பிடிவாதக்காரின்னு சொன்னேன்." ஒரு கோப்பையை என்னிடம் நீட்டினார். "ஆனா அந்தத் தமிழ் பேசின இடத்தில நீங்க மைக்கை மூடினது சரிதான். என் பொண்டாட்டி மெசேஜ் போட்டிருக்கா. கண் கலங்கிட்டுதாம்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணா கிருலப்பனையிலிருந்து சாப்பிட வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டார்.

"உனக்கென்ன விசரோ? என்னைப் பிடிச்சு வைச்சிருந்தவங்களின்ர கதிரைக்கு நீ அதிமேதகு எண்டு மாலை போடுறாய்."

"கதிரைக்கு இல்லை அண்ணா. எழும்பிப் போனதுக்கு."

அண்ணா கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, நான் அதை மறுக்கப் போகவில்லை. அவரும் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

"இப்ப வந்திருக்கிறவரும் ஒருநாள் போவார்" என்றார் பிறகு. "அவர் என்ன செய்தாலும் போகேக்க இப்பிடித்தான் சொல்லுவியோ?"

"இருக்கேக்க என்ன செய்யிறார் எண்டதை இருக்கேக்கயே கேப்பம். வாக்கும் இருக்கு, வாயும் இருக்கு. தானா நடந்து போனாரெண்டால், ஓம், இப்பிடித்தான் சொல்லுவன்."

அண்ணா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். சோற்றுக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சரி, குழம்பைப் போடு" என்றார்.