வாயாடி வாய் மூடிய நேரம்

அந்தச் சின்னத் தீவின் சவரக்கடைக்காரருக்கு 'வாயாடி' என்றுதான் பெயர். கத்தி நின்றாலும் வாய் நிற்காது. "தூங்கும்போதாவது வாயை மூடுங்களேன்," என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

புயல் வந்த காலையிலும், "இதெல்லாம் ஒரு காத்தா?" என்று அளந்துகொண்டே மைத்துனரின் ஒரு கன்னத்தை வழித்து முடித்தார். மறு கன்னத்தில் சோப்பு போடுவதற்குள் கூரை பிய்த்துக்கொண்டு போனது. தரையோடு திருகிவைத்த இரும்பு நாற்காலியை இருவரும் கட்டிப்பிடித்துக் கிடந்தார்கள்.

திடீரென்று எல்லாம் அடங்கியது. தலைக்கு மேலே வட்டமாக நீல வானம். காற்றில் அடித்து வரப்பட்ட வெள்ளைக் கடற்பறவைகள், பறக்கத் தெம்பில்லாமல், ஒவ்வொன்றாகக் கடைக்குள் இறங்கின. பவுடர் டப்பா மேல் ஒன்று, நாற்காலிக் கையில் ஒன்று. கண்ணாடிக்குள் வானம் மிதந்தது.

"புயல் போயிடுச்சு மச்சான். மிச்சக் கன்னத்தையும் முடிச்சு விடுங்க," என்றார் மைத்துனர்.

வாயாடி கத்தியை எடுத்தார். ஒரு பறவை அவர் தோளில் வந்து உட்கார்ந்தது. அவருக்குப் பேச்சே வரவில்லை. கத்தி உரசும் சத்தம் தீவு முழுக்கக் கேட்கும்போல் இருந்தது.

கன்னம் முடியும்போது பறவைகள் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பின. அந்த அமைதி, புயலின் நடுவில் இருக்கும் கண் மட்டும்தான். மறுபாதிக் காற்று எதிர்த்திசையிலிருந்து வந்து கண்ணாடியையும் பறவைகளையும் வாரிக்கொண்டு போனது. நாற்காலிதான் இருவரையும் காப்பாற்றியது.

இப்போது புதுக் கூரை, புதுக் கண்ணாடி, அதே வாய். வருகிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறார். நடுவில் மூச்சு வாங்க அவர் கொஞ்சம் நிறுத்தினால் போதும், நாற்காலியில் இருப்பவர் முகத்தில் நுரையோடு எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்.