கிணற்றடிப் புல்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கரிக்கை என்று பெயர். தாள்பட்டையில் கரிக்குழம்பைப் பூசிப் பூசி விரல்நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். அந்தப் பட்டையைத் தண்ணீரில் நனைத்துக் கருவியில் செருகினால், களைக்கொல்லி கலந்திருந்தால் திரையில் கோடு எகிறும், இல்லாவிட்டால் படுத்துக்கொள்ளும். அதற்காக அவள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள்.

மேலாளர் முன் காட்டவேண்டிய நாளில், சுத்தநீர் வடிக்கும் இயந்திரம் மக்கர் செய்தது. கவலையில்லை என்று வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு கேன் கொண்டுவந்தாள். மாமனார் வெட்டிய கிணறு. அதைப்போல் தண்ணீர் உலகத்திலேயே கிடையாது என்று அவர் அளக்காத நாளில்லை. தெருவே குடத்தோடு அங்கேதான் நிற்கும்.

கோடு எகிறியது.

"சுத்தத் தண்ணிக்கே இந்த ஆட்டமா? தூக்கிக் குப்பையில போடும்மா" என்றார் மேலாளர்.

மனசு கேட்காமல், ஊசிமருந்து கலக்கும் நீரை மருந்துக்கடையில் வாங்கிவந்து இன்னொரு பட்டையை நனைத்தாள். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

பட்டை பிழைத்தது, மாமனார் மாட்டிக்கொண்டார். கிணற்றடியில் ஒரு புல் தலைகாட்டினால் அவருக்கு ஆகாது, உடனே களைக்கொல்லி மருந்தடித்துவிடுவார். சொன்னால் மனுஷர் நொறுங்கிப்போவார். சொல்லாவிட்டால் தெரு முழுக்கக் குடிக்கும். பயந்துகொண்டேதான் சொன்னாள்.

"என் கிணத்தையா சொல்றே?"

"கிணறு நல்ல கிணறுதான் மாமா. நீங்க அடிக்கிற மருந்துதான் உள்ள இறங்குது."

அவர் கிணற்றை மூடினார். வீடு வீடாகப் போய், "தப்பு என்னோடது, யாரும் எடுக்காதீங்க" என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். அவளுக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த மரியாதை கொஞ்சநஞ்சமில்லை.

மருந்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் ஊக்கக் கரியைப் பீப்பாயில் நிரப்பி, குழாய் வைத்து, மோட்டாரைப் போட்டாள். முதல் தண்ணீர் மைபோல வந்தது.

"அடடா, இதுக்கு என் மருந்தே தேவலாமே!"

"கரித்தூள் மாமா. ஓடிப் போகட்டும், இருங்க."

தெளிந்ததும் பட்டையை அவர் கையாலேயே நனைக்கச் சொன்னாள். கோடு படுத்தது. நம்பாமல் திரும்பவும் நனைத்தார். மறுபடியும் படுத்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வாரம் தவறாமல் பட்டை நனைக்கிறார்கள். கரி சோர்ந்தால் மாற்றுகிறார்கள். குடங்கள் திரும்பிவிட்டன, மாமனாரின் அளப்பும்தான். கிணற்றடியில் பச்சைப்பசேலென்று புல்.

"பார்த்து நடங்கம்மா," என்கிறார், குடத்தோடு வருகிறவர்களிடம். "புல்லை மிதிச்சிடாதீங்க."